மூணும் ஒண்ணுதான்

1

இந்தக் கதை ஒரு பொய்யிலிருந்து வந்தது. பொய் என்னுடையது. ஒயின் ஆலை ஒன்றைச் சுற்றிப் பார்க்கப் போன கூட்டத்தில் நானும் இருந்தேன். இரண்டு கோப்பைகளை நீட்டினார்கள். ஒன்று ரீஸ்லிங், இன்னொன்று ஷார்டனே. இரண்டுமே வெள்ளைத் திராட்சை வகைகள். "வித்தியாசம் தெரியுதா?" என்று கேட்டார் அங்கே வேலை பார்க்கும் பெண். எனக்கு இரண்டும் ஒன்றாகத்தான் இருந்தன. "நல்லாத் தெரியுதே," என்று பெரிதாகத் தலையாட்டினேன். அவர் என்னை ஒரு விநாடி பார்த்தார். பிறகு அடுத்த ஆளிடம் போய்விட்டார்.

அந்த ஒரு விநாடிதான் என்னை உட்கார்ந்து எழுத வைத்தது. மீதியெல்லாம் என் கைச்சரக்கு.

2

முதல் வரியை மூன்று விதமாக எழுதிப் பார்த்தேன்.

"பச்சை ஆப்பிளின் துள்ளலும் எலுமிச்சையின்..." (வேண்டாம். பாட்டிலில் ஒட்டும் சீட்டு மாதிரி இருக்கிறது.)

"அவளுடைய மூக்கின் புகழ் திசையெட்டும்..." (எட்டுத் திசைக்கு எங்கே போவது? அந்த ஆலையில் மொத்தமே நாற்பது பேர்.)

"அன்றைக்குப் பால் அடிபிடித்தது." இது இருக்கட்டும்.

அன்றைக்குப் பால் அடிபிடித்தது. சிறு தீயில் வைத்த பால். அடுப்பிலிருந்து நாலடி தள்ளி உட்கார்ந்து அவள் துணி மடித்துக்கொண்டிருந்தாள். குளித்துக்கொண்டிருந்த கணவன் ஈரத் தலையோடு ஓடிவந்து அடுப்பை அணைத்தான். வீடெல்லாம் தீய்ந்த வாடை. அவள் நிமிர்ந்து, "ஏன் இப்படி ஓடி வர்றீங்க?" என்று கேட்டாள்.

பத்து நாள் காய்ச்சலில் கிடந்து எழுந்தவள். காய்ச்சலுக்குப் பிறகு கொஞ்ச நாள் மூக்கு அடைத்துக் கிடப்பது எல்லோருக்கும் நடப்பதுதான். ஆனால் இவள் ஒயின் ஆலையில் சுவை பார்ப்பவள். கூட வேலை செய்பவர்கள் வைத்த பெயர் மூக்கம்மா. பாத்திரத்தைத் தேய்த்துக் கவிழ்த்த கணவன், தீய்ந்ததைப் பற்றி வாயே திறக்கவில்லை. அவளும் கேட்கவில்லை.

3

கணவன்மேல்தான் எனக்குச் சந்தேகம். முதல் பிரதியில் அவனைப் பொறாமைக்காரனாக எழுதியிருந்தேன். கதைக்கு அது வசதி. ஆனால் எழுத எழுத அவன் நல்லவனாகிக்கொண்டே போனான். கடைசியில் அந்த நல்லதனம்தான் காரியத்தைக் கெடுத்தது.

அவன் அதே ஆலையின் நிலவறையில் பீப்பாய்களைப் பார்த்துக்கொள்பவன். சேர்ந்த புதிதில் அவள்தான் அவனுக்குச் சொல்லிக்கொடுத்தாள்.

"ரீஸ்லிங்கை வாயில வச்சதும் தாடை ரெண்டு பக்கமும் எச்சி ஊறும். எலுமிச்சைத் தோலைக் கிள்ளினா வருமே, அந்த வாசனை. சில வருஷம் பாட்டில்ல கிடந்தா லேசா மண்ணெண்ணெய் வாடை எட்டிப் பாக்கும். குறைன்னு நினைச்சுடாதீங்க, அதுதான் அதுக்கு அழகு."

"அப்ப ஷார்டனே?"

"அது சாது. பழுத்த பேரிக்காய் மாதிரி. எந்தப் பீப்பாய்ல போட்டாலும் அந்தப் பீப்பாய்க்கு ஆமாம் சாமி போடும். உங்களை மாதிரி."

(கல்யாணம் இந்த இடத்தில்தான் முடிவாயிற்று என்று வைத்துக்கொள்ளுங்கள். அதற்கென்று தனி அத்தியாயம் எழுத எனக்குப் பொறுமையில்லை.)

4

வருடத்துக்கு ஒருமுறை சுவை பார்ப்பவர்களுக்கே தேர்வு உண்டு. ஒயினின் நிறம் தெரியாமலிருக்க மூன்று கறுப்புக் கோப்பைகள். இரண்டில் ஒரே ஒயின், ஒன்றில் மட்டும் வேறு.* வேறானது எந்த எண் என்று சொல்ல வேண்டும். தவறினால் சுவை மேசையிலிருந்து எழுந்து சீட்டு ஒட்டும் பகுதிக்குப் போக வேண்டியதுதான்.

(* விஷயம் தெரிந்த வாசகர் ஒருவர் கையைத் தூக்குவார்: "மூக்கு போனாலும் நாக்கு இருக்குமே, ரீஸ்லிங்கின் புளிப்பு காட்டிக்கொடுத்துவிடாதா?" கொடுக்கும். அதனால்தான் என் ஆலையில் இரண்டின் புளிப்பையும் முன்கூட்டியே சமன் செய்துவிடுகிறார்கள். இது மூக்குக்கான தேர்வு. உட்காருங்கள்.)

பால் அடிபிடித்து இரண்டு வாரம் கழித்து அந்தத் தேர்வு வந்தது. வழக்கமாக ஊற்றிவைக்கும் ஆள் அன்றைக்கு விடுப்பு. "நான் ஊத்தறேன்," என்று கணவன் முன்வந்தான். தடுப்புக்குப் பின்னால் நின்று மூன்று கோப்பையிலும் ஷார்டனேயையே ஊற்றினான். வேறானது எந்த எண் என்று ஊற்றுபவர் எழுதிவைக்க வேண்டிய விடைத்தாளை வெறுமையாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டான்.

அவன் கணக்கு இதுதான். அவள் எந்த எண்ணைச் சொன்னாலும் அதையே எழுதிவிடலாம். மேலாளர் ஒப்புக்கு ஒருமுறை முகர்ந்து பார்ப்பார். விடை தெரிந்தபின் முகர்ந்தால் யாருக்கும் வித்தியாசம் தெரியும். (எனக்குத் தெரிந்ததே!)

அவள் முகர்ந்தாள். ஒரு வாய் சுழற்றித் துப்பினாள். தண்ணீர் குடித்தாள். மறுபடி முதல் கோப்பைக்குப் போனாள். தடுப்புக்குப் பின்னால் அவன் மனசுக்குள் கெஞ்சிக்கொண்டிருந்தான்: ஒன்றோ இரண்டோ மூன்றோ, வாய்க்கு வந்ததைச் சொல்லிவிடு.

"மூணும் ஒண்ணுதான்," என்றாள்.

மேலாளர் சிரித்தார். "அப்படி ஒரு விடையே கிடையாதும்மா. நல்லாப் பாருங்க."

"பாத்துட்டேன் சார். மூணும் ஒண்ணுதான்."

கணவன் வெளியே வந்தான். வெறும் தாளை நீட்டினான். "என் தப்புதான் சார். கவனப் பிசகு. மூணுலயும் ஷார்டனேயையே ஊத்திட்டேன்."

மேலாளர் ஒரு கணம் திகைத்தார். பிறகு கைதட்டினார். "மூக்குன்னா இது மூக்கு!" அவனுக்குத் திட்டு விழுந்தது, இனிமேல் ஊற்றும் வேலைக்கு வரக்கூடாது என்று. அவள் இடம் அவளுக்கே நிலைத்தது.

அவள் அவனை ஒரு விநாடி பார்த்தாள்.

5

சிக்கல் புரிகிறதா? மூக்கு முழுதாகத் திரும்பியிருந்தால் அவள் சொல்லியிருக்கக்கூடியது "மூணும் ஒண்ணுதான்." ஒரு வாசனையும் வரவில்லை என்றாலும் சொல்லியிருக்கக்கூடியது அதேதான். கேட்டுவிடலாம். கேட்டால், ஏன் மூன்றிலும் ஒன்றையே ஊற்றினான் என்பதையும் சொல்ல வேண்டும். உன்மேல் எனக்கு நம்பிக்கை இல்லை என்பதைப் பிரியத்தோடு சொல்ல ஒரு வழியும் அவனுக்குத் தெரியவில்லை. எனக்கும் தெரியவில்லை.

6

இரண்டு முடிவு எழுதினேன்.

(அ) வழியில் அவள் சொல்கிறாள்: "என்னைக் காப்பாத்தப் பாத்தீங்களா? எனக்கு மூக்கு வந்து ஒரு வாரமாச்சு. நீங்க ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்."

(ஆ) வழியில் அவள் அழுகிறாள்: "எனக்கு ஒண்ணுமே வரலைங்க. பொய்யா ஒரு நம்பர் சொல்ல வாய் வரலை. அதான்..."

இரண்டையும் பக்கத்துப் பக்கத்தில் வைத்துப் பல தடவை படித்தேன். எது உண்மை என்று எனக்குப் பிடிபடவில்லை. இரண்டையும் அடித்துவிட்டேன். வழியில் அவள் சொன்னது, "ரொட்டி வாங்கணும்," என்பது மட்டும்தான்.

7

வீடு. சாயங்கால வெளிச்சம். அவள் அடுத்த அறையில் முதுகு காட்டி உட்கார்ந்து துணி மடிக்கிறாள். கதவு திறந்திருக்கிறது. அவன் டீ போடப் பாலை வைத்திருக்கிறான்.

பால் ஏறுகிறது. பொங்கி வழிந்தால் சத்தத்திலேயே அவளுக்குத் தெரிந்துவிடும். தீயைக் குறைத்து அடிபிடிக்க விட்டால் வாடை மட்டும்தான் போகும். நிமிர்ந்தால் மூக்கு இருக்கிறது. நிமிராவிட்டால் இல்லை. அவன் கை அடுப்புக் குமிழில் இருக்கிறது. முழுக்கத் திருப்பினால் அணையும். பாதி திருப்பினால் அவளுக்கு ஒரே நாளில் இரண்டாவது தேர்வு, இதுவும் அவளைக் கேட்காமல். தெரிந்துகொள்ளாமல் தூங்க முடியாது என்று அவனுக்கு இருக்கிறது. தெரிந்துவிடுமோ என்று பயமாகவும் இருக்கிறது.

எவ்வளவு திருப்புவது என்று என்னைக் கேட்காதீர்கள். இரண்டு கோப்பைக்கு நடுவே வித்தியாசம் தெரியாமலே தலையாட்டியவன் நான். உங்களுக்குத்தான் அவர்கள் இருவரையும் இப்போது தெரியுமே, நீங்கள் சொல்லுங்கள்.

பால் விளிம்புக்கு வந்துவிட்டது.