ஸ்பெஷல்

ஞாயிற்றுக்கிழமைப் பூசை முடிந்து மாதா கோயில் வாசலைத் தாண்டுவதற்குள் செலீன் நான்கு பேரிடம் சொல்லிவிட்டாள். ஐந்தாவதாகப் பக்கத்து வீட்டுப் பெனடிக்டா அகப்பட்டாள்.

"நிலூஷா ஸ்பெஷல் செய்யப் போறா. எல்லாருக்கும் குடுக்க மாட்டாங்களாம். ரெண்டு வருஷ மாக்ஸப் பாத்துத்தான் எடுப்பாங்களாம்."

பெனடிக்டாவின் மகன் மூன்று வருடத்தோடு சாதாரணப் பட்டத்தை வாங்கிக்கொண்டு வந்தவன். அதனால் அவளுடைய சிரிப்பு கொஞ்சம் சுணங்கித்தான் வந்தது. செலீனுக்கு அந்தச் சுணக்கம் இனித்தது. பாவம்தான், அடுத்த பாவசங்கீர்த்தனத்தில் சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்தபடி கொட்டாஞ்சேனை வெயிலில் குடையை விரித்தாள்.

மகள் நிலூஷா ஆசிரியையாவதற்குப் பல்கலைக்கழகத்தில் படிக்கிறாள். இரண்டாம் வருடம் முடிகிறது. நல்ல புள்ளி எடுத்தவர்கள் இனி ஒரு பாடத்தைத் தெரிந்தெடுத்து நான்கு வருடப் படிப்பாக முடிக்கலாம். பல்கலைக்கழகம் அதற்கு இப்போது ஹொனர்ஸ் என்று பெயர் வைத்திருக்கிறதாம். செலீனின் ஒழுங்கைக்கு அது என்றைக்கும் ஸ்பெஷல்தான். பாடம் இங்கிலிஷ் என்பதையும் செலீனே தீர்மானித்துவிட்டாள். வெள்ளவத்தையில் இங்கிலிஷ் மிஸ்மாரின் டியூஷன் வகுப்புக்குப் பிள்ளைகள் மாடிப்படி வரைக்கும் நெருக்கியடித்துக்கொண்டு நிற்பதை அவள் கண்டிருக்கிறாள்.

வீட்டில் நிலூஷா சாப்பாட்டு மேசையில் கொப்பிகளைப் பரப்பி வைத்திருந்தாள். தகப்பன் இராஜநாயகத்துக்குத் துறைமுகத்தில் இன்றைக்கும் வேலை.

"மம்மி, ஊருக்கெல்லாம் சொல்லிட்டீங்களா?"

"ஊருக்கு இல்ல. அஞ்சு பேருக்கு."

நிலூஷா பேனையை மூடி வைத்தாள். "நான் யோசிக்கிற ஸ்பெஷல் வேற, மம்மி. விசேட தேவையுள்ள பிள்ளைகளுக்குப் படிப்பிக்கிறது. வாசிக்க வராத பிள்ளைகள், அப்பிடி. இங்கிலிஷும் கிடைக்கும். நாளைக்கு விண்ணப்ப ஃபோம் குடுக்கணும். எதைப் போடுறதெண்டு எனக்கே தெரியல்ல."

"மொக்குப் பிள்ளைகளோட மாரடிக்கவா நாலு வருஷம் படிக்கப் போற?"

சொன்ன பிறகுதான் அந்தச் சொல் தன் வாயிலிருந்து வந்திருப்பது செலீனுக்கு உறைத்தது. அது அவளுடைய சொல். மொக்குச் செலீன். ஏழாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விடும்வரை கடைசி வாங்கில் அவளோடு உட்கார்ந்திருந்த பெயர். எழுத்துகள் தனித்தனியாக நின்றால் அவளுக்கு அடையாளம் தெரியும், சேர்ந்து நின்றால் கையை விட்டு நழுவிவிடும். இலக்கங்களோடு ஒரு சண்டையும் இல்லை. தைக்க வருகிற துணிகளில் அளவைக் குறித்துவிட்டுப் பெயருக்குப் பதிலாக நூல் கட்டுவாள்: ஸீனத்துக்குப் பச்சை, பெனடிக்டாவுக்கு ஊதா. சனம் அதை அவளுடைய கெட்டித்தனம் என்று நினைத்தது.

அவளுக்கு வாசிக்க வராதென்று மகளுக்குக்கூடத் தெரியாது. சின்ன வயதில் பாடம் படிக்கும்போது "சத்தமாப் படி, எனக்குக் கேக்கணும்" என்று பக்கத்தில் உட்கார்ந்து அதட்டியே சமாளித்துவிட்டாள். இராஜநாயகத்துக்குத் தெரியும். இருபத்துநாலு வருடமாக அந்த மனுஷன் காலையில் பேப்பரையும், வருகிற கரண்ட் பில்லையும், கலியாண அழைப்புக் காட்டையும் அரசாங்கத்தைத் திட்டியபடி தனக்குத்தானே வாசிப்பதுபோல உரக்க வாசிக்கிறார். அதைப் பற்றி இருவரும் ஒரு சொல் பேசியதில்லை. அவர்மேல் செலீனுக்கு இருக்கிற அன்பில் பாதி அங்கேதான் இருக்கிறது.

"சரி மம்மி," என்றாள் நிலூஷா. "இங்கிலிஷே போடுறன்."

கோபித்திருந்தாலாவது செலீன் இரண்டு வார்த்தை கூடப் பேசியிருப்பாள். பிள்ளை கொப்பிகளை அடுக்கத் தொடங்கினாள். ஒன்று மட்டும் விரிந்தபடி கிடந்தது. அதில் 'கே' என்ற ஒரே எழுத்தைப் பென்சிலால் எழுதி எழுதி, கடதாசி ஓட்டை விழும்வரை அழித்திருந்தது.

"ஆர்ட இது?"

"பர்ஹா எண்டு ஒரு பிள்ளை. நான் பயிற்சிக்குப் போற ஸ்கூல்ல நாலாம் வகுப்பு. சரியான சோம்பேறி எண்டு சொல்லித்தான் என்னட்ட விட்டாங்க." நிலூஷாவின் முகம் கொஞ்சம் மலர்ந்தது. "போன கிழமை என்ன கேட்டா தெரியுமா? 'மிஸ், கொம்பு முன்னால நிக்குது தானே. அப்ப ஏன் அதைப் பிறகு வாசிக்கச் சொல்றீங்க?'"

செலீனின் கை கொப்பியின்மேல் அப்படியே நின்றது. மூன்றாம் வகுப்பில், கரும்பலகைக்கு முன்னால், அவளும் இதையேதான் கேட்டாள். வகுப்பே கொல்லென்று சிரித்தது. மிஸ்ஸின் கையிலிருந்த மர அடிமட்டம் விரல் முட்டியில் இறங்கியது. அதற்குப் பிறகு பள்ளிக்கூடத்தில் அவள் ஒரு கேள்வியும் கேட்கவில்லை.

"நீ என்ன சொன்ன?"

"நல்ல கேள்வி எண்டு சொன்னன்."

"நல்ல கேள்வியா?"

"பின்ன? எழுதுறது முன்னால, சத்தம் பின்னால. நாங்க ஒருத்தரும் யோசிக்கல்ல. அவ சரியாத்தானே பாத்திருக்கிறா."

செலீன் கதிரையை இழுத்து உட்கார்ந்தாள். நாற்பத்தொன்பது வயது. அழுகை வந்தது, அதோடு யார்மேல் என்று தெரியாத ஒரு கோபமும் வந்தது. அன்றைக்கு ஒரே ஒரு ஆள் இதைச் சொல்லியிருந்தால் போதுமே. அந்தப் பர்ஹா யாரென்று அவளுக்குத் தெரியாது. ஆனாலும் அந்தப் பிள்ளையின் தலையைத் தடவிவிட வேண்டும் போலிருந்தது.

"அந்த ஃபோமில இங்கிலிஷ் போடாத, மகள்."

"ஏன் மம்மி? இப்பதானே…"

செலீன் கொப்பியைத் தன் பக்கம் இழுத்தாள். கொப்பிக்குள் மடித்து வைத்திருந்த வாசிப்புத் தாளை எடுத்து விரித்தாள். பெரிய எழுத்தில் நான்கே வரி, பக்கத்தில் ஒரு கோழியின் படம்.

"எனக்குப் பிழை வரும்," என்றாள். "சிரிக்கக்கூடாது."

நிலூஷா சிரிக்கத்தான் போனாள். தாயின் முகத்தைப் பார்த்ததும் அந்தச் சிரிப்பு பாதியில் நின்றது. கதிரையைக் கிட்டே நகர்த்திக்கொண்டாள்.

'தோட்டத்தில்' என்று இருந்த முதற்சொல்லின் கீழே செலீன் விரலை வைத்தாள். "தா…" என்றாள். "தாட்…" இல்லை என்று அவளுக்கே தெரிந்தது. தையல் ஊசி குத்திக் காய்த்த விரலால் அந்த எழுத்தை அழுத்திப் பிடித்தாள். நிலூஷா சொல்லிக்கொடுக்க வாயைத் திறந்து, மூடிக்கொண்டு, இரண்டு கைகளையும் மடியில் கோத்து வைத்துக் காத்திருந்தாள். செலீனின் விரல் மெல்லப் பின்னுக்கு நகர்ந்து, தான் தாண்டி வந்த கொம்பின் கீழே போய் நின்றது.