இடப்பக்கம் ஒதுங்கிய கோடு

கோடு மறுபடியும் இடப்பக்கம் ஒதுங்கியிருந்தது.

பள்ளி மைதானத்துக்குச் சுண்ணாம்புக் கோடு போடும்போது கோட்டுக்காரர் கயிறு கட்டமாட்டார். எதிர்முனைக் கம்பத்தில் கண்ணை நட்டுச் சுண்ணாம்பு வண்டியைத் தள்ளினால் கோடு அம்பு மாதிரி போகும். அதுதான் அவர் பெருமை. நாளை மறுநாள் ஓட்டப் போட்டி. காலையிலிருந்து போட்ட மூன்று கோடும் பாதியிலேயே கோணிக்கொண்டன.

"ஒரு சக்கரத்தை ஒழுங்கா மாட்டத் தெரியல, நீயெல்லாம் தொழிலுக்கு வந்துட்டே!" என்று விளையாட்டு ஆசிரியர் முன்னாலேயே, தன்னோடு வேலை செய்யும் மச்சினன் மேல் பாய்ந்தார் கோட்டுக்காரர்.

மச்சினன் வண்டியைக் கவிழ்த்துச் சக்கரங்களைக் கழற்றி, எண்ணெய் விட்டு மாட்டினான். தானே தள்ளிப் பார்த்தான். நேராகப் போனது.

"வண்டி நல்லாத்தான் இருக்கு மாமா. போன வாரம் தலை சுத்திச்சே, அதுவா இருக்குமோ? அதே டாக்டரை மறுபடி ஒரு எட்டு பாத்துட்டு வந்துடலாம்."

டாக்டரம்மா அவரைக் கண்ணை மூடச் சொல்லி, நின்ற இடத்திலேயே ஐம்பது முறை கால் மாற்றி வைக்கச் சொன்னார். கண்ணைத் திறந்தால் எதிரே டாக்டரைக் காணோம். இடப்பக்கச் சுவரின் கைகழுவும் தொட்டிதான் இருந்தது. தான் திரும்பவே இல்லை என்று அவர் சத்தியமே செய்திருப்பார்.

"ரெண்டு காதுக்குள்ளயும் சமநிலை பாக்கற உறுப்பு ஒண்ணு இருக்கு," என்றார் டாக்டர். "ரெண்டும் ஒரே சேதி சொன்னாத்தான் மூளை உங்களை நேரா நடத்தும். உங்க இடது காது நரம்பு வீங்கியிருக்கு. அது போற வழி எலும்புக்குள்ள ஒரு சின்னச் சந்து. வீங்க இடமில்லாம நசுங்குது, சேதி குறையுது, கால் அந்தப் பக்கமே ஒதுங்குது. ஸ்டீராய்டு மாத்திரை வீக்கத்தை வடிய வச்சு நரம்பைக் காப்பாத்தலாம். எல்லாருக்கும் குணமாகும்னு சொல்லமாட்டேன். ஆனா சீக்கிரம் போட்டா நல்லது, அதான் தலை சுத்துதுன்னு வந்த அன்னிக்கே குடுத்தேன். இன்னிக்கு ஆறாம் நாள். விடாம போடறீங்கல்ல?"

"அதெல்லாம் சரியா போடறார் டாக்டர்," மச்சினன் முந்திக்கொண்டான். "காலைல நான்தானே தண்ணி எடுத்துக் குடுக்கறேன்."

கோட்டுக்காரருக்கு முகம் கொதித்தது. தண்ணீரைக் குடித்தது உண்மை. சுற்றல் நின்ற மூன்றாம் நாளிலிருந்து மாத்திரை மட்டும் சட்டைப் பைக்குப் போனது. ஸ்டீராய்டு என்றால் பயில்வான்கள் உடம்பை ஊத வைக்கப் போடுவது என்று சலூனில் யாரோ சொல்லியிருந்தார்கள். மச்சினனின் நகக்கண்களில் சக்கரத்து எண்ணெய் இன்னும் கறுப்பாக அப்பியிருந்தது. அதைப் பார்க்க முடியாமல் தலை குனிந்தார்.

சட்டைப் பையிலிருந்த மாத்திரைப் பொட்டலத்தை எடுத்து மேசையில் வைத்தார். "நாலு நாளா போடல. சக்கரத்துல தப்பே இல்ல மாப்ளே."

மச்சினன் பொட்டலத்தைப் பிரித்து மாத்திரைகளை எண்ணினான். பிறகு, "தண்ணிய மட்டும் குடிச்சீங்களா? உங்களுக்கு நாடகக் கம்பெனிதான் மாமா லாயக்கு," என்றான். குரலில் சிரிப்பு இல்லை.

டாக்டர் அளவைப் புதிதாக எழுதித் தந்தார். இனி நடுவில் நிறுத்தாமல், படிப்படியாகக் குறைத்தே முடிக்க வேண்டும்.

மறுநாள் கோட்டுக்காரர் மச்சினன் கண்ணெதிரே மாத்திரையை விழுங்கினார். விளையாட்டு ஆசிரியரிடம் போய், தப்பு தன்னுடையது என்றார். பிறகு இரு முனையிலும் ஆணி அடித்துத் தன் கையாலேயே கயிறு கட்டினார். அவர் சுண்ணாம்பு நிரப்ப, மச்சினன் வண்டியைத் தள்ளினான். கோடு நேராக விழுந்தது.