மூன்றாவது வரிசையில் அப்பா

அரங்கம் கொல்லென்று சிரித்தது. மேடையில் நின்ற ஃபானூரிஸ் அவசரமாக அடுத்த வசனத்துக்குத் தாவினான். அது சிரிக்க வேண்டிய இடமே இல்லை.

காணாமல் போன மகனைத் தேடி, வெளிநாட்டுத் தொழிலாளி ஒருவன் காவல் நிலையத்துக்கு வருகிற காட்சி.

"நன்றி தலைவரே. என் பையன் எங்க இருக்கு தலைவரே? நன்றி" என்றான், தொழிலாளி வேடத்தில் இருந்த ஃபானூரிஸ்.

மறுபடியும் சிரிப்பு.

ஃபானூரிஸ் ஏதென்ஸில், கிப்செலிப் பகுதியில் பிறந்து வளர்ந்தவன். அம்மா நாக்சோஸ் தீவுக்காரி. அப்பா ஒபின்னா நைஜீரியாவிலிருந்து வந்தவர். ராப் பாடகனாகப் பெயர் வாங்கியவனுக்கு இதுதான் முதல் நாடகம். ஒத்திகையில் இயக்குநர் மிர்சினி, "உன் கிரேக்கம் ரொம்பச் சுத்தமா இருக்குடா. கொஞ்சம் உடைச்சுப் பேசு" என்றாள். வேறு வழி தெரியாமல் அப்பாவின் பேச்சை எடுத்துக்கொண்டான். காய்கறிச் சந்தையில் மூட்டை இறக்கும் அப்பா, எதையும் கேட்பதற்கு முன்பே நன்றி சொல்லிவிடுவார். சீருடை போட்ட எவரும் அவருக்குத் தலைவர்தான்.

அந்த அப்பா இப்போது மூன்றாவது வரிசையில், தன் கல்யாணக் கோட்டில், கைக்குட்டையால் வாயைப் பொத்தியபடி உட்கார்ந்திருந்தார். தோள்கள் குலுங்கின.

இடைவேளையில் மிர்சினி ஓடி வந்தாள். "கலக்கிட்டேடா! இன்னும் கொஞ்சம் தூக்கலாப் பண்ணு."

"அவங்க எங்கப்பாவைப் பார்த்துச் சிரிக்கிறாங்க, மிர்சினி."

"அடேயப்பா, ரோஷத்தைப் பாரு! பாட்டுல நீ எத்தனை பேர் மானத்தை வாங்கியிருக்கே? பேச்சை மாத்தினே, நாளைக்கு உனக்கு மேடை கிடையாது. சொல்லிட்டேன்."

இரண்டாம் பாதியில், பிணவறையில் மகனை அடையாளம் காட்டும் காட்சி. ஃபானூரிஸ் அப்பாவின் பேச்சை விட்டுவிட்டு, தன் சொந்தக் கிப்செலிப் பேச்சில், பிசிறில்லாமல் பேசினான். ஒருவர்கூடச் சிரிக்கவில்லை. இருட்டில் யாரோ மூக்கை உறிஞ்சினார்கள்.

திரை விழுந்தது. மிர்சினி அவன் முகத்தைப் பார்க்காமலே, "உடுப்பைக் கழட்டி வச்சிட்டுக் கிளம்பு" என்றாள்.

கிளம்பினான். நடிப்பு போனால் போகட்டும், அப்பாவின் மானம் தப்பியதே என்று நினைத்துக்கொண்டான்.

வாசலில் பூங்கொத்தோடு நின்றிருந்தார் அப்பா. கண்கள் சிவந்திருந்தன.

"அழாதேப்பா. இனிமே அங்க யாரும் உன்னைப் பார்த்துச் சிரிக்க மாட்டாங்க."

அப்பா பூங்கொத்தை நீட்டவில்லை.

"சிரிக்கட்டுமே, சந்தையில தினம் சிரிக்குது. ஆனா முதல்ல மேடையில நான் இருந்தேன்... பாதியில என்னை ஏன் வெளிய அனுப்பிட்டே, மகனே? வெட்கமா?"