பதினாலாம் நம்பர் எலி

வாணலியில் உப்பு வெடிக்கிற சத்தம் சகாயராஜுக்கு வாசலிலேயே கேட்டது. ஞாயிற்றுக்கிழமைப் பூசை முடிந்ததும் பாண்டிச்சேரியில் பஸ் பிடித்து மரக்காணத்தில் இறங்கி, உப்பளத்து வரப்பு வழியாக நடந்து வந்திருந்தான். அந்தச் சத்தத்தில் விசேஷம் ஒன்றுமில்லை. உப்புக்கூடை சுமக்கிற வீடுகளில் தோள்வலிக்கு ஒத்தடம் தினமும் நடப்பதுதான். அக்கா ஆரோக்கியசெல்வி அடுப்புக்கு முன்னால் முதுகைக் காட்டி உட்கார்ந்து, வறுத்த உப்பைப் பழைய வேட்டித் துணியில் கொட்டினாள். அது வெள்ளையாக இல்லை. சாம்பல் விழுந்துவிட்டது என்று நினைத்தான்.

"வாங்க எலி டாக்டரே," என்றாள் திரும்பாமல். "பேஷண்டுங்க எல்லாம் சௌக்கியமா?"

ஆராய்ச்சிக்கூடம் ஒன்றில் எலிகளைப் பார்த்துக்கொள்வது அவன் வேலை. எலியின் தொடையில் புற்றுநோய்க் கட்டியை வளர்ப்பார்கள். அதற்குள் மை போன்ற கறுப்புத் தண்ணீரை ஊசியால் ஏற்றுவார்கள். கண்ணுக்கே தெரியாத இரும்புத் துகள்கள் மிதக்கிற தண்ணீர் அது. சீசாவின் அருகே காந்தத்தைக் கொண்டுபோனால் சிலிர்த்து எழும். பிறகு எலியைச் செம்புக் கம்பிச் சுருளுக்குள் படுக்கவைத்து மின்சாரத்தை விடுவார்கள். துகள்கள் சூடேறும். சுற்றியுள்ள சதை அப்படியே இருக்க, கட்டி மட்டும் உள்ளே வெந்து சுருங்கும். போன ஜூன் மாதம் இதே அடுப்பங்கரையில் உட்கார்ந்து இதையெல்லாம் கையை ஆட்டி ஆட்டிச் சொன்னான். பத்தாவதில் பெயிலான தம்பியின் பேச்சை அக்கா அவ்வளவு கவனமாக அதற்குமுன் கேட்டதே இல்லை.

"எவ்ளோ சூடு வைப்பாங்க?" என்று கேட்டிருந்தாள்.

"நல்லா காய்ச்சல் அடிக்குதுல்ல, அதுக்குக் கொஞ்சம் மேல. அவ்ளோதான்."

"அந்த எலி இப்ப எப்படி இருக்குது?"

"பதினாலாம் நம்பரா? சூப்பரா தின்னுது."

அன்று அது பொய் இல்லை.

இப்போது அவள் துணி மூட்டையை முடிந்து, புடவைத் தலைப்புக்குள் இடது மார்பின் மேல் வைத்து அழுத்திக்கொண்டாள். தலைப்பு சற்று விலகியபோது அவன் பார்த்தான். ரவிக்கையின் ஓரத்தில் தோல் வெந்து வெந்து கறுத்திருந்தது. அடுப்பின் பக்கத்தில் பழைய ரேடியோ ஒன்றின் ஸ்பீக்கரிலிருந்து கழற்றிய வட்டக் காந்தம் கிடந்தது. அதைச் சுற்றிக் கறுப்பு மணல் மயிர்போல் நின்றது. சுனாமிக்குப் பிறகு கரையில் பட்டை பட்டையாகப் படிந்து கிடந்த மணல்.

"இன்னாக்கா இது?"

"நீ சொன்னதுதான்." குழம்புக்குப் பக்குவம் சொல்வதுபோலச் சொன்னாள். "ஊசி நம்மகிட்ட இல்ல. இரும்பு கரையில கெடக்குது. உப்பு சூட்ட விடாது. அதான் ரெண்டையும் சேத்து வறுத்துக்கறேன்."

"எத்தினி நாளா?"

"நீ சொன்ன வாரத்துலேர்ந்து."

மனசுக்குள் மாதங்களை எண்ணினான். ஒன்பது.

"மாமாவுக்குத் தெரியுமா?"

"சொன்னா அழுவாரு. தோள்வலின்னு சொல்லி வச்சிருக்கேன். நல்லாத்தான்டா ஆவுது. முன்னல்லாம் கட்டி தொட்டா நவுந்துச்சு. இப்ப கெட்டியா ஒரே எடத்துல நிக்குது."

எலிகளைத் தூக்கித் தூக்கிப் பழகிய விரல்கள் அவனுடையவை. நகராத கட்டி என்றால் ஆழமாக வேர்விட்ட கட்டி என்று அவற்றுக்குத் தெரியும்.

"நாளைக்கு என்கூட ஆஸ்பத்திரிக்கு வா."

"எதுக்கு, அறுக்கவா? சூட்டுலயே கரையும்னு நீதான சொன்ன. உன் எலி பொழச்சிதுல்ல?"

பதினாலாம் நம்பரின் கட்டி பட்டாணி அளவுக்குச் சுருங்கியிருந்தது. எல்லோரும் கைகுலுக்கிக்கொண்டார்கள். ஆனாலும் இருபத்தொன்றாம் நாள் எல்லா எலிகளையும் கொன்று அறுத்துப் பார்க்கவேண்டும் என்பது ஏற்பாடு. சுருங்கியதும் ஒன்றுதான், சுருங்காததும் ஒன்றுதான். கூண்டிலிருந்து எடுத்துக் கொடுத்தது அவன். அவன் விரலில் வழக்கமாக இருக்கிற முறுக்குத் துணுக்கைத் தேடி அது மோந்து பார்த்தது. உயிரில்லாமல் திரும்பி அவன் கைக்கு வந்தபோதும் உடம்பு சுடச்சுட இருந்தது. அதற்குப் பிறகு டீ கிளாஸைப் பிடித்தாலும், வெயிலில் கிடந்த சைக்கிள் சீட்டைத் தொட்டாலும் அந்தச் சூடு உள்ளங்கையில் வந்து உட்கார்ந்துகொள்கிறது. யாரிடமும் சொன்னதில்லை. இவளிடம் சொன்னால் ஒன்பது மாதமாக இவள் பிடித்துக்கொண்டிருப்பது கைவிட்டுப் போகும். சொல்லாவிட்டால் இவள் பஸ் ஏறமாட்டாள்.

"பொழைக்கலக்கா."

அவள் திரும்பினாள்.

"கட்டி சுருங்குச்சு. நெஜம். ஆனா கொன்னுட்டாங்க. உள்ள அறுத்துப் பாக்கணும்ல. நான்தான் புடிச்சிக் குடுத்தேன்."

வெளியே காற்று உப்புக்குவியல்களின் மேல் போர்த்திய ஓலையைத் தூக்கித் தூக்கிப் போட்டது. அடுப்பில் விறகு சரிந்தது. அவள் அதைத் தள்ளிவிடவில்லை.

"பயந்துச்சா?"

"இல்ல."

"தெரிஞ்ச கையாச்சே," என்றாள்.

அவன் தலையைக் குனிந்துகொண்டான்.

"காலைல மொத பஸ்ஸு ஆறு மணிக்குக்கா. நான் ராத்திரி இங்கயே தங்கிடுறேன்."

அவள் தலைப்புக்குள்ளிருந்து மூட்டையை எடுத்து, எங்கே வைப்பது என்று தெரியாதவள்போல அவன் கையில் கொடுத்தாள். பிறகு காந்தத்தை மடியில் வைத்துக்கொண்டு, ஒட்டியிருந்த மணலைக் கட்டைவிரலால் வழிக்கத் தொடங்கினாள். வழிக்க வழிக்க அது நழுவி மறுபக்கம் போய் மறுபடியும் சிலிர்த்துக்கொண்டு நின்றது. அவள் காந்தத்தைத் திருப்பினாள், மறுபடி வழித்தாள். அவன் உள்ளங்கையில் மூட்டை எலியின் கனமே இருந்தது. இன்னும் ஆறவில்லை.