பாஸ் வரிசையில் இரண்டு பிள்ளைகள்

என் மருமகள் ஷர்மிளாவுக்குத் தலைக்குள்ளே கட்டி. வேலூரில் ஒரு ஆஸ்பத்திரியில் சேர்த்து ஒன்பது நாள் ஆகியிருந்தது. புதன்கிழமை பதினோரு மணிக்கு ஆபரேஷன் என்று என் பையன் வசந்த் முந்தின நாள் சாயங்காலம் போன் பண்ணினான்.

"பா, காலைல புள்ளைங்கள இட்டுக்கினு வந்துடு. பாக்கணும் பாக்கணும்னு சொல்லிக்கினே இருக்கா. முழிச்சாலும் ஆள் அடையாளம் தெரியுமோ தெரியாதோங்கறார் டாக்டர். உள்ள போறதுக்கு முன்னாடி ஒரு தடவ காட்டிடணும்."

"சின்னப் புள்ளைங்கள வார்டுல விடுவானுங்களா?"

"விடமாட்டாங்க. சிஸ்டர்கிட்ட கெஞ்சி வெச்சிருக்கேன். பத்து மணிக்கு நானே கீழ வந்து கூட்டிக்கினு போறேன். நீ பாஸ் குடுக்கற வரிசையில நில்லு. வேற எங்கயும் போவாத."

நான் வேறு எங்கேயும் போகவில்லை. நில் என்று சொன்ன இடத்தில் நிற்கிறவன் நான். முப்பத்தெட்டு வருஷம் ஆம்பூரில் தோல் பதனிடுகிற ஷாப்பில் நின்றவன்.

பேத்தி மெர்சிக்கு ஆறு வயசு. பேரன் ஆல்வினுக்கு மூணு. பக்கத்து வீட்டில் நானும் வரேன் என்றார்கள். வேண்டாம் என்றேன். கூட வருகிறவன் எல்லாம் அப்புறம் ஊர் பூரா கதை சொல்லுவான்.

ஆறே காலுக்கு ரயில். ஜன்னல் ஓரம் கிடைத்தது. ரயிலில் பிள்ளைகளுக்கு ஜன்னல் ஒரு அரை மணி நேரம் தாங்கும், அவ்வளவுதான். பச்சகுப்பம், மேல்பட்டி வரைக்கும் ஆல்வின் ஆட்டைப் பார்த்தான், மாட்டைப் பார்த்தான், எதிரில் போன ரயிலுக்கு டாட்டா காட்டினான். குடியாத்தம் வந்ததும் ஜன்னல் சலித்துப்போய்விட்டது. அம்மா எங்கே என்று ஆரம்பித்தான். போறோம், போறோம் என்றேன். போறோம் என்பது மூணு வயசுக்கு ஒரு பதிலா? கத்த ஆரம்பித்தான்.

எதிர் சீட்டில் ஒரு பாயம்மா. வாணியம்பாடியில் ஏறியவள், புருஷனுக்கு அதே ஆஸ்பத்திரியில் வாரத்துக்கு ரெண்டு தடவை ரத்தம் சுத்தம் பண்ணுகிறார்களாம். பேர் அக்தர் பானு. அவளே சொன்னாள், நான் கேட்கவில்லை. பையிலிருந்து பிஸ்கட் பாக்கெட்டைப் பிரித்து நீட்டினாள். மெர்சி என் முகத்தைப் பார்த்தாள்.

"வேணாம்மா. வெளியாளுங்க குடுக்கறத தின்ற பழக்கம் இல்ல."

"விஷமா வெச்சிருக்கேன் பெரியவரே?" ஒன்றை எடுத்து அவளே கடித்துக் காட்டினாள். "பாருங்க, பத்து நிமிசம் வெயிட் பண்ணுங்க. நான் சாவலன்னா புள்ளைக்கு குடுங்க."

பக்கத்தில் இருந்தவர்கள் சிரித்தார்கள். ஆல்வின் பத்து நிமிஷம் எல்லாம் பார்க்கவில்லை. எட்டிப் பிடுங்கிக்கொண்டான். காட்பாடி வரைக்கும் வாய் மூடியிருந்தது.

காட்பாடியில் இறங்கி பஸ் பிடித்து ஆஸ்பத்திரிக்குப் போனபோது எட்டு மணி. பாஸ் வரிசையில் எனக்கு முன்னால் அறுபது பேராவது இருப்பார்கள். கவுண்டர் ஒன்பதுக்குத்தான் திறப்பார்கள் என்றார்கள். எனக்கு நாலு ஆள் பின்னால் அந்த அக்தர் பானுவும் வந்து நின்றாள்.

"பெரியவரே, புள்ளைங்கள இப்பிடி சுவரோரம் உக்கார வெச்சி நான் பாத்துக்கறேன். நீங்க செக்யூரிட்டிகிட்ட போயி ஆபரேசன் கேசுன்னு சொல்லுங்க. முன்னாடி விடுவாங்க."

"வேணாம்."

என் இடத்தைப் பிடிக்கப் பார்க்கிறாள் என்றுதான் நினைத்தேன். பொய் சொல்லவில்லை, அப்படித்தான் நினைத்தேன்.

பெரிய ஆளுங்க வரிசையில் நிற்பதற்குப் பழகியவர்கள். பிள்ளைகளுக்கு என்ன தெரியும். கால் மணிக்குள் மெர்சி பத்து தடவை, "நம்ம எப்ப தாத்தா?" என்று கேட்டாள். எனக்குத் தெரிந்த ஒரே தொழிலை வைத்து விளையாட்டு காட்டினேன். கண்ணை மூடச் சொல்லி, என் செருப்பு வாரை அவள் கையில் கொடுத்தேன்.

"தடவிப் பாரு. தோலா ரெக்சினா?"

"தோலு."

"எந்தத் தோலு?"

"நாய்த்தோலு."

"நாய்த்தோல்ல எவன்டி செருப்பு தைக்கிறான். மாட்டுத்தோலு. கொரகொரன்னு இருக்கு பாரு. ஆட்டுத்தோலு வழவழன்னு உங்க அம்மா கன்னம் மாதிரி இருக்கும்."

சொல்லியிருக்கக் கூடாது, வாயில் வந்துவிட்டது. ஆனால் அவள் அழவில்லை. விளையாட்டு பிடித்துவிட்டது. கண்ணை மூடிக்கொண்டு வரிசையில் நின்றவர்கள் பையை எல்லாம் தடவ ஆரம்பித்தாள். அவள் பின்னாலேயே ஆல்வினும். ரெக்சின், ரெக்சின், ரெக்சின் என்று வரிசை பூரா சொல்லிக்கொண்டே போனார்கள். பேண்ட் போட்ட ஒருத்தர் இடுப்பு பெல்ட்டை இவள் தடவியதும் அவர் துள்ளித் திரும்பினார்.

"இன்னாமா பண்ற?"

"அங்கிள், இது தோலு இல்ல."

"எண்ணூறு ரூபா குடுத்திருக்கேன்."

"ஏமாத்திட்டாங்க," என்றாள் மெர்சி.

அந்த ஆள் என்னைப் பார்த்தார். நானும் தொட்டுப் பார்த்து, ஆமாம் சார், ரெக்சின்தான் என்றேன். சுற்றி நின்றவர்கள் எல்லாம் சிரித்தார்கள். ஆஸ்பத்திரி வரிசையில் அப்படி ஒரு சிரிப்பு. அந்த அரை மணி நேரம் பிள்ளைகளுக்கு அம்மா ஞாபகம் வரவில்லை. எனக்கும் கொஞ்சம் வரவில்லை.

ஒன்பது மணிக்குக் கவுண்டர் திறந்தார்கள். வரிசை நத்தை மாதிரி நகர்ந்தது. ஆல்வினுக்குத் தூக்கம் வந்து சிணுங்க, தூக்கித் தோளில் போட்டுக்கொண்டேன். மெர்சிக்கு விளையாட்டு சலித்துவிட்டது.

"தாத்தா, போன் குடு. பொம்ம படம் பாக்கறேன்."

என்னிடம் இருப்பது ஷர்மிளா வாங்கிக் கொடுத்த போன். அதில் பேர் எல்லாம் இங்கிலீஷில் இருக்கும். நான் அஞ்சாம் கிளாஸ். தமிழையே எழுத்துக் கூட்டித்தான் படிப்பேன். போன வருஷம் பேங்கிலிருந்து பேசுகிறேன் என்று ஒருத்தன் பேசி, நான் வைத்திருந்ததைத் துடைத்துக்கொண்டு போய்விட்டான். அதிலிருந்து எனக்கு மணி அடித்தாலே ஆகாது. வசந்த் சாயங்காலம் ஏழு மணிக்குப் பேசுவான், அப்போது மட்டும் எடுப்பேன். மற்ற நேரத்தில் எவன் கூப்பிட்டாலும் சிவப்பை அமுக்கிவிடுவேன்.

கொடுத்தேன். சத்தம் பெரிதாக வந்தது. பின்னால் நின்றவன், பேஜாரா இருக்கு பெரியவரே, கம்மி பண்ணச் சொல்லுங்க என்றான். மெர்சியே சத்தத்தை சுத்தமாகக் குறைத்துக்கொண்டு சுவரோரம் போய் உட்கார்ந்தாள். நான் அவளிடம் சொன்னது இதுதான்:

"நடுவுல யாருனா கூப்ட்டா செவப்ப அமுக்கிடு. எல்லாம் திருடனுங்க. பேசாத."

"சரி தாத்தா."

சமத்தாக உட்கார்ந்திருந்தாள். ஒரு சத்தம் இல்லை. வரிசை நகர நகர அவளும் தள்ளித் தள்ளி உட்கார்ந்தாள். நான் கவுண்டருக்குப் போய் பாஸ் வாங்கியபோது பத்தாக அஞ்சு நிமிஷம். எனக்கு ஒரே பெருமை. வசந்த் வருவான், பாஸ் கையில் இருக்கும், பிள்ளைகள் அழாமல் இருக்கும். சொன்னதைச் சொன்னபடி செய்துவிட்டேன் என்று.

"வா மெர்சி, அப்பா வந்துடுவான்."

போனை என்னிடம் கொடுத்தாள்.

"தாத்தா, நாலு திருடன் வந்தான். நாலு பேரையும் கட் பண்ணிட்டேன்."

எனக்கு அப்போதும் புரியவில்லை. நல்ல புள்ள என்று தலையைத் தடவினேன். அப்புறம்தான் நாலு என்பது மனசில் விழுந்தது. திருடன் ஒரு தடவை கூப்பிடுவான், ரெண்டு தடவை கூப்பிடுவான். எந்தத் திருடன் அரை மணி நேரத்தில் நாலு தடவை கூப்பிடுவான்.

சுற்றிப் பார்த்தேன். தெரிந்த முகம் அந்த அக்தர் பானு ஒருத்திதான். போனை அவளிடம் நீட்டினேன்.

"இதுல யாருன்னு பாருமா."

அவள் பார்த்தாள். மெர்சிக்குக் கேட்காதபடி குரலை இறக்கிச் சொன்னாள்.

"வசந்த்னு இருக்கு. நாலும் அவரேதான். மொதல்ல ஒம்பது இருவது, கடைசி ஒம்பது நாப்பத்திரெண்டு."

அவளே திரும்பப் போட்டுக் கொடுத்தாள். ஒரு மணி அடிப்பதற்குள் எடுத்துவிட்டான்.

"எங்கபா இருந்த?" என்றான். கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலை. "காலைல போவ வேண்டிய கேஸ் ஒண்ணு ஜுரம்னு நின்னுபோச்சு. இவள முன்னாடியே இட்டுக்கினு போய்ட்டாங்க. லிப்ட்டுகிட்ட நிறுத்தி வெச்சினு இருந்தேன், உன்ன பின்வாசல்ல வரச் சொல்லலாம்னு. கெஞ்சி கெஞ்சி இருவது நிமிசம் நிறுத்தி வெச்சேன் பா."

நான் தோளில் ஒன்று, கையில் ஒன்று என்று படி ஏறினேன். அக்தர் பானு தன் இடத்தை விட்டுவிட்டு என் பையைத் தூக்கிக்கொண்டு பின்னால் வந்தாள். பாஸ் ஒன்றுதான், பிள்ளைகளை விடமுடியாது என்று வாசலில் இருந்தவன் ஒன்றும் சொல்லவில்லை. என் முகத்தைப் பார்த்து விட்டுவிட்டான் போல. வரிசையே இல்லாமல் போயிருக்கலாம் என்று அப்போதுதான் தெரிந்தது.

மூணாவது மாடியில் கதவு சாத்தியிருந்தது. வசந்த் வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தான்.

"மொட்ட தலைய பாத்து புள்ளைங்க பயந்துக்கும்னு துப்பட்டா கட்டிக்கினா. சிஸ்டர்கிட்ட பவுடர் கேட்டு வாங்கிப் போட்டுக்கினா. ஒவ்வொரு தடவையும் லிப்ட் தொறந்தப்போ தலைய தூக்கித் தூக்கிப் பாத்தா." அப்புறம் என்னை நிமிர்ந்து பார்த்தான். "ஏன் எடுக்கல?"

மெர்சி வாயைத் திறந்தாள். அவளுக்குத் தெரிந்ததைச் சொல்லத்தான் திறந்தாள். நல்ல காரியம் செய்ததாக நினைத்துக்கொண்டிருக்கிற புள்ளை.

"நான்தான் செவப்ப அமுக்கிட்டேன்," என்றேன்.

"நான் கூப்புடுவேன்னு தெரியாதா?"

"பத்து மணிக்கு வர்றேன்னு சொன்ன. கண்டவனும் கூப்புடறான்னு அமுக்கிட்டேன்."

"உனக்கு உலகத்துல எவன் மேலயும் நம்பிக்க கெடையாது," என்றான். "அதான். வேற ஒண்ணும் இல்ல."

அக்தர் பானு பக்கத்திலேயே நின்றாள். அமுக்கியது யாரென்று அவளுக்குத் தெரியும். குனிந்து மெர்சி கையைப் பிடித்து, வா கண்ணு, கீழ மரத்தடியில அணில் இருக்குது பாக்கலாம் என்றாள். என்னைக் கேட்கிற மாதிரி பார்த்தாள். ஆல்வினையும் அவளிடமே கொடுத்தேன்.

ஷர்மிளா முழிக்கவே இல்லை. வெள்ளிக்கிழமை விடியற்காலை போய்ச் சேர்ந்தாள். ஆம்பூருக்குக் கொண்டு வந்தபோது பிள்ளைகள் அவளைப் பார்த்தார்கள். அதைப் பார்த்ததாகக் கணக்கில் எடுக்க என் மனசு ஒப்பவில்லை.

அதற்கப்புறம் வசந்த் என்னோடு பேச்சைக் குறைத்துக்கொண்டான். சோறு இருக்கு, பால் வாங்கணும், அவ்வளவுதான். அவன் அக்கா, என் பெரிய பொண்ணு, வந்து, ஏண்டா வயசானவர்கிட்ட இப்படி என்று கேட்டதற்கு, அவரு போன எடுத்திருந்தா என்று பாதியில் நிறுத்திவிட்டான். நான் உள்ளே இருந்து கேட்டேன். கேட்டுக்கொண்டு சும்மா இருந்தேன். பழி என் மேல் இருந்தால் என்னோடு போய்விடும். எனக்கு இன்னும் எத்தனை வருஷம். அந்தப் புள்ளை மேல் போனால் அவள் ஆயுசு பூரா சுமக்கணும். செய்யச் சொன்னவன் நான். செய்தது மட்டும்தான் அவள்.

மெர்சியிடமும் சொல்லி வைத்தேன், அந்த நாலு திருடன் சமாசாரம் யாரிடமும் சொல்லாதே என்று. ஏன் என்று கேட்டாள். சொல்லாதேன்னா சொல்லாதே என்றேன். ஆறு வயசுப் புள்ளையிடம் ரகசியம் எத்தனை நாள் தங்கும்.

பள்ளிக்கூடம் திறந்து ரெண்டாவது வாரம். வசந்துக்கு ஷூ கம்பெனியில் எட்டரைக்கு உள்ளே இருக்கணும். அதற்கு முன்னால் மெர்சிக்குத் தலை சீவிப் பின்ன வேண்டும். முன்னே ஷர்மிளா செய்வாள், இப்போது இவன். ரெண்டு பக்கமும் ஒரே அளவாக வராது. இழுத்து இழுத்துப் பின்னுவான், அவள் ஆ ஊ என்பாள். நான் சமையல்கட்டில் ஆல்வினுக்குக் கஞ்சி ஊட்டிக்கொண்டிருந்தேன்.

"அப்பா, நான் பெரிய ஆளா ஆனா போலீஸ் ஆவேன்."

"ஆவு. தலைய ஆட்டாத."

"ஆஸ்பத்திரில நானே நாலு திருடன கட் பண்ணேன் தெரியுமா. தாத்தா போன்ல. உன்ன பாக்கறதுக்கு முன்னாடி."

சீப்பு நின்றது.

கஞ்சிக் கிண்ணத்தைக் கீழே வைத்தேன். ஆல்வின் வாயைத் திறந்து வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தான்.

"அப்பா?" என்றாள் மெர்சி.

"ம்."

"திட்டுவியா? தாத்தா சொல்லாதன்னாரு."

"இல்லம்மா. திட்டல. திருடன்னா கட்தான் பண்ணணும். சரி, இந்தப் பக்கம் திரும்பு."

மறுபடியும் சீவுகிற சத்தம் கேட்டது. ரொம்ப மெதுவாக. அன்றைக்கு அவள் ஆ என்று ஒரு தடவை கூடச் சொல்லவில்லை.

பிள்ளையை ஆட்டோவில் ஏற்றிவிட்டு வந்து சமையல்கட்டு வாசலில் நின்றான். கம்பெனி கார்டு கழுத்தில் தொங்கியது. நான் தலையை நிமிர்த்தவில்லை.

"எங்கிட்டயாவது சொல்லியிருக்கலாம் இல்ல," என்றான்.

"சொல்லி?"

அங்கேயே நின்றான். எட்டரைக்கு நேரம் ஆகிக்கொண்டிருந்தது, அவன் போகவில்லை. அப்புறம் கீழே உட்கார்ந்து, ஆறிப்போன கஞ்சியை எடுத்து, ஆல்வினுக்கு அவன் ஊட்டினான்.