நாலாவது விரல்

கியர்பாக்ஸை மறுபடியும் இறக்கிவிடுவது என்று தம்பி முடிவே கட்டிவிட்டான். காரை லிஃப்டில் உயர்த்தி, ஆயில் பிடிக்கும் தட்டை அடியில் தள்ளி, எந்த போல்ட்டில் கைவைக்கலாம் என்று அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தான். முகத்தைப் பார்த்தால் சொந்தப் பிள்ளையை ஆபரேஷனுக்கு அனுப்புகிறவன் போலிருந்தது.

எங்கள் பட்டறையில் கியர் அவனுடையது, ஒயரிங் என்னுடையது. இந்தக் கார் டிரைவிங் டீச்சருடையது. தம்பி தனியாகப் பிரித்துப் பூட்டிய முதல் ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் இதில்தான் இருக்கிறது. கையால் கியர் போடுகிற வண்டிக்குத்தான் அவன் லாயக்கு என்று தெருவே சொல்லிக்கொண்டிருந்தபோது, ஒவ்வொரு தகட்டையும் துடைத்து, அளந்து, வெள்ளைத் துணியில் வரிசையாகப் பரப்பி வைத்தான். சாப்பிடக் கூப்பிட்டால் கை காலியாக இல்லை என்பான். பூட்டி முடித்தபோது ஒரு சொட்டு ஆயில் கசியவில்லை. எனக்கு இருந்த பெருமைக்கு, பட்டறைக்கு வந்தவர்களையெல்லாம் குனியவைத்துக் காட்டினேன்.

ஆனால் வண்டி திரும்பி வந்துவிட்டது. ஆக்ஸிலேட்டரை அழுத்தி மிதித்தால் டேஷ்போர்டில் எச்சரிக்கை விளக்கு எரிகிறது, மூன்றாவது கியரிலேயே மாட்டிக்கொள்கிறது. தம்பி பிரித்துப் பார்த்தான், பழுது எதுவும் இல்லாமல் பூட்டிக் கொடுத்தான், மறுபடியும் வந்தது. இந்தத் தடவை ஸ்டியரிங்கில் உட்கார்ந்திருந்தது ஓட்டக் கற்றுக்கொள்ள வந்த பெண், பின்னால் லாரி. டீச்சர் காலையில் சத்தம் போடவெல்லாம் இல்லை. "சாயங்காலம் வரைக்கும் பாருப்பா. இல்லன்னா வேற கியர்பாக்ஸ் மாத்திக்கிறேன். புள்ளைங்க கத்துக்கிற வண்டி, பயமா இருக்கு" என்றார். அதில் குற்றம் சொல்ல என்ன இருக்கிறது? மாற்றினால் இது பழைய இரும்புக்குப் போகும். அதோடு தம்பி ஆட்டோமேட்டிக்கைத் தொடவே மாட்டான். அவனை எனக்குத் தெரியும்.

"வண்டிய கீழ இறக்குடா" என்றேன்.

"ஸ்கேனர்ல நீயேதானக்கா பார்த்த? கியர்பாக்ஸ் கம்ப்யூட்டர் பேசலன்னு வருது. உள்ளதான் எதையோ கெடுத்து வச்சிருக்கேன்."

"போன்ல லைன் கட்டானா எதிர்ல இருக்கிறவரு செத்துட்டாருன்னு அழுவியா நீ? இறக்கு."

இறக்கினான். இன்ஜின் கம்ப்யூட்டரும் கியர்பாக்ஸ் கம்ப்யூட்டரும் பேசிக்கொள்வது ஒன்றையொன்று முறுக்கிக்கொண்டு போகும் இரண்டு ஒயர்களில். பேட்டரியைக் கழற்றிவிட்டு அந்த இரண்டுக்கும் நடுவே மீட்டர் வைத்தால் அறுபது ஓம் காட்டவேண்டும். நூற்றிருபது காட்டினால் ஒரு முனை விட்டுப்போய்விட்டது என்று அர்த்தம். நான் ஸ்டியரிங்குக்கு அடியில் தலையை நுழைத்து, அங்கிருக்கும் சாக்கெட்டில் மீட்டரை வைத்தேன். சமர்த்தாக அறுபது காட்டியது. ஒயரில் பழுதில்லை என்றால் கியர்பாக்ஸ்தான் என்று தம்பி பெருமூச்சு விட்டான்.

நிற்கிற வண்டி எப்படி உண்மையைச் சொல்லும்? மிதிக்கும்போதுதானே வம்பு. மிதித்தால் இன்ஜின் ஒரு பக்கம் சாயும், கியர்பாக்ஸும் கூடவே சாயும். "நெம்புகம்பிய வச்சு இன்ஜினைச் சாய்டா. மெதுவா" என்றேன். அவன் தோளைக் கொடுத்துத் தள்ளினான். அறுபது, அறுபது, சட்டென்று நூற்றிருபது. விட்டான், அறுபது. எனக்கு விசில் அடிக்கலாம் போலிருந்தது.

டார்ச்சை எடுத்துக்கொண்டு ஓடி, கியர்பாக்ஸில் ஒயர்களைச் செருகும் கப்ளரைப் பார்த்ததும் அந்த விசில் தொண்டையிலேயே நின்றுவிட்டது. ஒயர்க் கற்றையைப் பிளாஸ்டிக் பட்டை போட்டு, ஒரு சுருக்கம் இல்லாமல், வீணைத் தந்தி மாதிரி இழுத்துக் கட்டியிருந்தது. அப்படிக் கட்ட உலகத்தில் ஒரே ஆள்தான் உண்டு. வீட்டில் அவனுக்கு முடிச்சு என்றே பெயர். அவன் கட்டிய டிபன் பையை அவிழ்க்க முடியாமல் நான் எத்தனையோ நாள் பட்டினி கிடந்திருக்கிறேன். இன்ஜின் சாயும்போது ஒயருக்கு நீள இடமில்லாமல், கப்ளருக்குள் ஒயர் நுனியிலிருக்கும் உலோகப் பின் ஒன்று நழுவிப் பின்வாங்கியிருந்தது.

கம்பெனிப் பின்னே சரியில்லை என்று சொல்லிவிடலாமா? நாக்கு நுனிவரை வந்தது. ஆனால் அப்படிச் சொன்னால் அடுத்த வண்டியிலும் இதே மாதிரி கட்டுவானே.

"என்னக்கா?"

"உன் கட்டுதான்டா. இழுத்துக் கட்டியிருக்க, பின் வெளிய வந்திருச்சு."

கப்ளரை விரலால் தடவிப் பார்த்தான். "அப்ப கியர்பாக்ஸ்?"

"தங்கம்டா அது."

அப்படியே பழைய டயர் ஒன்றின் மேல் உட்கார்ந்துவிட்டான். "இன்னொரு தடவ சொல்லு" என்றான். சொன்னேன். கண்ணைத் துடைக்கப் போய் கன்னமெல்லாம் கிரீஸ் பூசிக்கொண்டான்.

நான் புதுப் பின் வைத்தேன். பட்டையை வெட்ட என்னை விடாமல் அவனே வெட்டினான். ஒயரைத் தொளதொளவென்று விட்டுக் கட்டச் சொன்னபோதுதான் உயிர் போய் உயிர் வந்தது அவனுக்கு. "அசிங்கமா தொங்குதேக்கா" என்று முனகிக்கொண்டே கட்டினான். மறுபடி இன்ஜினைச் சாய்த்தோம். மீட்டர் அறுபதை விட்டு அசையவில்லை. பேட்டரியை மாட்டினேன்.

சாயங்காலம் டீச்சர் வந்ததும், நான் வாயைத் திறப்பதற்குள் அவன் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு முன்னால் போய் நின்றான். "தப்பு என் கட்டுலதான் டீச்சர். கியர்பாக்ஸ்ல ஒண்ணுமே இல்ல!" தப்பைச் சொல்ல வந்தவன் மாதிரியா இருந்தது? பரிசு வாங்க வந்தவன் மாதிரி இருந்தான். டீச்சர் என்னைப் பார்த்தார். "நல்லா அழுத்தி மிதிச்சுப் பாருங்க டீச்சர்" என்றேன்.

கார் வாசலைத் தாண்டியது. தம்பி கேட் ஓரமாகப் போய், கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, கண்ணை மூடி நின்றான். இன்ஜின் சத்தம் ஏறி, இறங்கி, மறுபடி ஏறியது. கியர் மாற மாற, முதுகுக்குப் பின்னால் அவன் விரல் ஒவ்வொன்றாக நிமிர்வதை நான் பார்த்தேன். ஒன்று. இரண்டு. டீச்சர் மிதிக்கிறார், சத்தம் ஓங்குகிறது. மூன்று. மூன்றிலேயே நின்றது. தெருக்கோடியில் சத்தம் லேசாகத் தணிந்து, வழுக்கிக்கொண்டு போனது.

கிரீஸ் அப்பிய நாலாவது விரல் மெதுவாக நிமிர்ந்தது.