மெத்தையின் பட்டியல்

நான்காவது திருகாணியைக் கழற்றி உள்ளங்கையில் வைத்தபோது அத்தை அறைக்குள் எட்டிப் பார்த்தாள்.

"அங்க அப்பாவைக் கிடத்தியிருக்கு. நீ இங்க உக்காந்து கம்ப்யூட்டரைப் பிரிச்சுக்கிட்டிருக்கே."

"நாலு மணிக்கு வண்டி வருது அத்தை. அதுக்குள்ள இது எழுந்திரிக்கணும்."

"எழுந்திரிச்சு?"

"அப்பாவோட ஆளுங்க நம்பரெல்லாம் இதுக்குள்ளதான் இருக்கு."

அத்தைக்கு இது ஒரு பதிலாகவே படவில்லை. தலையில் அடித்துக்கொண்டு முன்னறைக்குப் போய்விட்டாள். மகள் கணினிப் பெட்டியின் பக்கத் தகட்டைக் கழற்றிச் சுவரில் சாய்த்தாள். மணி பதினொன்றேகால்.

அப்பா முப்பத்தோரு வருடம் பேருந்து ஓட்டியவர். டிப்போவில் அவருக்கு மெத்தை என்று பெயர். அவர் பிரேக் போட்டால் நிற்கிறவர்கள் கம்பியைப் பிடிக்க வேண்டியதில்லை. உட்கார்ந்திருப்பவர்கள் சுகமாகத் தூங்கி, இறங்க வேண்டிய இடத்தைக் கோட்டைவிட்டு, அதற்கும் அவரையே திட்டுவார்கள். ஓய்வுபெற்ற பிறகு, கூட வேலை பார்த்த அறுபத்திரண்டு பேரின் எண்ணும் பிறந்தநாளும் ஒரு நோட்டில் எழுதி வைத்திருந்தார். ஒருவர் பிறந்தநாளையும் விடாமல் வீட்டு லேண்ட்லைனிலிருந்து கூப்பிட்டுப் பேசுவார். "இன்னும் நோட்டைக் கட்டிக்கிட்டு அழுறீங்களேப்பா, கம்ப்யூட்டர்ல ஏத்துங்க" என்று சொன்னவள் மகள். ஏற்றி முடித்ததும் நோட்டைக் குப்பையில் போட்டவளும் அவளேதான். அவருடைய சின்னக் கைபேசியில் இருந்தவை நான்கே எண்கள்: வீடு, மகள், தங்கை, மருந்துக்கடை.

ஆகவே இன்று இந்தப் பெட்டி திறக்காவிட்டால், அறுபத்திரண்டு பேரை ஒருநாளும் மறக்காத மனிதர் அக்கம்பக்கத்து எட்டுப் பேரோடு போய்ச் சேருவார். அந்தப் பாவம் தன் தலையில்தான் விடியும் என்று அவளுக்குத் தெரியும். அழுகையைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிவைத்தாள்.

கணினி பழுதுபார்ப்பது அவள் தொழில். தன் கைக்கு வந்து எழாத பெட்டி அபூர்வம் என்று அவளே சொல்லிக்கொள்வாள், அது பொய்யும் அல்ல. பெட்டி ஆமை வேகத்தில் ஓடுகிறது என்று அப்பா குறைப்பட்டதால் கூடுதலாக ரேம் என்ற நினைவகப் பட்டை ஒன்று வாங்கி அனுப்பியிருந்தாள். மாட்டும் விதத்தை வியாழக்கிழமை ஃபோனில் ஒவ்வொன்றாகச் சொன்னாள். வெள்ளிக்கிழமை அப்பா கூப்பிட்டார்.

"பாப்பா, மாட்டிட்டேன். ஆன் பண்ணா மூணு தடவை கூவுது. படம் வரல."

கடையில் நல்ல கூட்டம். "சொன்னேனேப்பா, ஞாயித்துக்கிழமை வந்து பாக்கறேன்" என்று வைத்துவிட்டாள். இன்று சனிக்கிழமை. காலையில் செய்தித்தாளைப் படித்து முடித்து, மடித்து வைத்துவிட்டு, நாற்காலியிலேயே போய்விட்டார்.

மின்சாரம் கொடுத்தாள். காற்றாடி சுற்றியது. பீப், பீப், பீப். மூன்று என்றால் ரேம் சரியாக உட்காரவில்லை. இதெல்லாம் அவளுக்கு ஒரு வேலையே அல்ல.

அம்மா கதவோரம் வந்து நின்றாள். "சரியாயிடுமா?"

"ஆயிடும்மா."

புதிய ரேமைக் கழற்றினாள். அதன் தங்க நிறப் பற்களை ரப்பரால் துடைத்து மறுபடி வைத்து அழுத்தினாள். ஓரப் பூட்டு விழவில்லை. மூன்று பீப். சரி, புதியதை எடுத்துவிட்டுப் பழையதோடு மட்டும் ஓட்டுவோம், புதன்கிழமைவரை ஓடியதுதானே என்று பார்த்தாள். அப்போதும் மூன்று பீப்.

போர்டே போயிருந்தால் உள்ளிருக்கும் டிஸ்க்கைக் கழற்றிக் கடைக்குக் கொண்டுபோய்த்தான் திறக்க வேண்டும். கடை மூன்று மணி நேரப் பயணம். போய்த் திரும்புவதற்குள் வண்டி வந்து, அப்பாவும் போய்விடுவார்.

முன்னறையில் அப்பாவைக் கிடத்தியிருந்த பெஞ்சு லொடக்கென்றது. "இந்த பெஞ்சுக்கு ஒரு கால் கட்டை. யார் தொட்டாலும் ஆடுது, அண்ணனும் சேந்து ஆடுறார்" என்று அத்தை யாரிடமோ குறைப்பட்டாள்.

அம்மா அந்தப் பக்கம் திரும்பிப் பார்த்தாள். "அவர் இருந்திருந்தா இந்நேரம் ஒரு அட்டையை மடிச்சு வச்சிருப்பார். ஜன்னல், மேசை, கட்டில், எது ஆடினாலும் அட்டைதான். பஸ்ஸு ஜன்னல் ஆடாம அட்டை செருகிச் செருகி, டிப்போவுல எல்லாருக்கும் தொத்திக்கிட்ட பழக்கம்."

மகளின் கை நின்றது.

"அம்மா, அந்த டார்ச்சைக் குடு."

கைக்கு அவ்வளவாக எட்டாத கோடியில், கம்பிக் கொத்துக்குப் பின்னால் இருந்தது அது. எட்டாக மடித்த பழுப்பு அட்டை. ரேமை அழுத்த அவருக்கு மனம் வரவில்லை. எதையும் ஓங்கி மிதித்துப் பழக்கமில்லாத மனிதர். பாதி இறங்கிய ரேம் ஆடியிருக்கிறது, ஆட்டம் நிற்க ஓரத்தில் அட்டையைச் செருகிவிட்டார். அது பழையதையும் சேர்த்துச் சாய்த்துக்கொண்டு நின்றது.

இடுக்கியால் மெல்ல இழுத்தாள். இரண்டு ரேம்களையும் வைத்துக் கட்டைவிரலால் ஒரே அழுத்து. டிக். டிக். மின்சாரம் கொடுத்ததும் ஒரே ஒரு பீப் வந்தது, கூடவே படமும் வந்தது.

அம்மா அவள் தோளில் கை வைத்தாள்.

பட்டியல் திறக்கும் நேரத்தில் அட்டையைப் பிரித்தாள். ரேம் வந்த பெட்டியின் உள்பக்கம் அது. அப்பாவின் கொட்டைக் கொட்டையான எழுத்து.

1. கரண்ட் பிளக்கைப் பிடுங்கு.
2. பூட்டை விரி.
3. நேரா வை.
4. டிக் சத்தம் வரும்வரை அழுத்து.
5. வரலைன்னா விட்டுடு. ஞாயிறு பாப்பா வரும்.

ஐந்தாவதை இரண்டு முறை படித்தாள். பிறகு பழைய மடிப்பிலேயே மடித்துப் பையில் வைத்துக்கொண்டு, முதல் எண்ணை அழுத்தினாள்.

அவள் பெயரைச் சொன்னால் யாருக்கும் விளங்கவில்லை. "மெத்தையோட பொண்ணு பேசறேன்" என்றதும் எல்லோருக்கும் விளங்கியது.

"போன வாரம்தானேம்மா என் பொறந்தநாளுக்குப் பேசினார்" என்றார் ஒருவர். "எத்தனை மணிக்கு? நாலா? வந்துடறேன்."

ஏழாவது எண்ணில் அத்தை வந்து நின்றாள். கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "எனக்கு ஒரு இருபது நம்பர் எழுதிக் குடு. நானும் பேசறேன்."

மூன்று மணிக்கு வரத் தொடங்கினார்கள். நரைத்தவர்கள், தடியூன்றியவர்கள், பேரன் வண்டியில் பின்னால் உட்கார்ந்து வந்தவர்கள். மூன்றரைக்குள் நாற்பத்தேழு பேர். முன்னறை கொள்ளாமல் படியிலும் தெருவிலும் நின்றார்கள். தூங்கி இடம் தவறவிட்ட பயணிகளைப் பற்றி யாரோ சொல்ல, வெளியே மெல்லச் சிரித்தார்கள்.

நடத்துனராக இருந்த பெரியவர் ஒருவர் குனிந்து அப்பாவின் பாதத்தைத் தொட்டார். பெஞ்சு லொடக்கென்று ஆடியது. அப்பாவின் தலை லேசாக அசைந்தது.

சுற்றி நின்றவர்களில் நான்கைந்து பேரின் கைகள் ஒரே நேரத்தில் சட்டைப் பைக்குள் போயின. மடித்துவைக்க ஓர் அட்டை தேடினார்கள். ஒருவருக்கு மாத்திரை அட்டை அகப்பட்டது, இன்னொருவருக்குக் கண்ணாடிக் கூடு.

"இருங்க" என்றாள் மகள். "எங்கிட்ட இருக்கு."

மண்டியிட்டுக் குனிந்து, கட்டையான காலைச் சற்றே தூக்கி, மடித்த அட்டையை அடியில் வைத்தாள். பெஞ்சின் ஓரத்தில் கை வைத்து அழுத்திப் பார்த்தாள்.

ஆடவில்லை.